பரிசோதனைக்குப் போன மண்

எருக்குழி ஓரத்து மண் சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை.

மண் பரிசோதனைக்கு வயலின் நடுவிலிருந்து மண் கேட்டிருந்தார்கள், வேளாண்மை அலுவலகத்தில். சேற்றில் இறங்க மனமில்லாத வயல்காரர், எருக்குழி ஓரத்திலேயே வெட்டிப் பையில் போட்டார்.

நடுவயல் மண் கூப்பிட்டது. "அக்கா, எனக்குச் சாம்பல் சத்தே இல்ல. போன போகம் பாதி பதரு. அங்க போய்ச் சொல்லுக்கா."

"எப்பப் பாரு உனக்கு ஒரு அழுகை. சொல்றேன், விடு."

எரு ஊறிய மண்ணைப் பார்த்துவிட்டு, வயலுக்குச் சாம்பல் சத்து தேவையில்லை என்று மண்வள அட்டை வந்தது. வயல்காரர் யூரியாவை மட்டும் அள்ளி வீசினார். நடுவயல் பயிர் கரும்பச்சையாக எழுந்தது. பிறகு இலை ஓரம் கருகி, கதிரோடு சாய்ந்து தண்ணீரில் அழுகியது. இனி இது விளையாது என்று, நடுவயல் மண்ணை வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார்.

லாரியில் ஏறும்போது அது கேட்டது. "என்னப் பத்திச் சொன்னியாக்கா?"

"என்னை ரொம்பப் புகழ்ந்தாங்கடி. உன்னப் பத்தி யாரும் கேக்கல."

கதை அவ்வளவுதான். போன வாரம் எருக்குழிப் பக்கம் போனவன், அந்த மண்ணிடம் கேட்டேவிட்டேன்:

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"