மோசஸ் வயலில் குழாய் இல்லை

மோசஸின் வயலில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரை நிறுத்திய திவ்யாவுக்கு, வேறு யாருடைய வயலுக்கோ வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

போன தடவை வந்தபோது மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் மூடாக்கு இருந்தது. அதன் அடியில் சொட்டுநீர்க் குழாய்கள். இப்போது இரண்டையும் காணோம். டீசல் இன்ஜின் கரும்புகை கக்கிக்கொண்டு தண்ணீர் இறைத்தது.

"பைப்பெல்லாம் எங்கே மோசஸ் அண்ணா?"

மோசஸ் மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எடுத்துட்டேன் மேடம்."

"ஏன்?"

"ஒத்துவரல. எலி கடிக்குது, அடைச்சிக்குது. ஒரே பேஜாரு."

திவ்யா செங்கல்பட்டிலிருந்து வருகிறவள். எந்த முறையில் தண்ணீர் பாய்ச்சினால் மண்ணிலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்கும் வாயு குறைகிறது, எதில் விவசாயிக்கு லாபம் என்று பார்க்கும் ஒரு ஆய்வுத் திட்டத்தில் வேலை. வேடந்தாங்கல் பக்கம் குழாய் கொடுத்தது மோசஸ் ஒருவருக்குத்தான்.

"இன்ஜின் முன்ன மாதிரி ஓட வேண்டியதில்ல, டீசல் மிச்சம், களையே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? வாயுவும் நல்லா குறைஞ்சிருந்துது. நானே பெட்டி வெச்சு அளந்தேனே!"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"இப்ப வாணாம்னு சொல்றேன்."

"உங்க கிணத்துல தண்ணி இருக்குன்னு இப்படியா இறைக்கிறது? சரி, பைப்பைக் குடுங்க. ஆபீஸ்ல திருப்பி ஒப்படைக்கணும்."

மோசஸ் தண்ணீர் போகும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்துட்டீங்களா?"

"அப்படியே வெச்சிக்கோங்க."

திவ்யாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க சார்கிட்ட சண்டை போட்டு உங்க பேரைச் சேர்த்தேன். இனிமே இந்தத் திட்டத்துல எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். பேரை எடுத்துடுங்க."

வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. திவ்யா விடுவிடுவென்று நடந்தாள்.

"மேடம்! ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க!"

பக்கத்து வயலில் கன்னியம்மா கைகாட்டினாள். அவள் கணவர் திருவேங்கடத்துக்கும் மோசஸுக்கும் வரப்புத் தகராறு. போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்த சண்டை. இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. திருவேங்கடம் இப்போது பக்கவாதம் வந்து படுக்கையில்.

திவ்யா வரப்பைத் தாண்டினாள். சோளம் கரும்பச்சையாகக் கதிர் தள்ளி நின்றது. வரிசைகளுக்கு நடுவே வைக்கோல். காலால் ஒதுக்கிப் பார்த்தாள். குழாய். அவள் ஆபீஸ் மஞ்சள் பெயின்ட் அடையாளத்தோடு.

"இதை யார்கிட்ட வாங்கினீங்க?" குரல் கடுகடுத்தது.

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? நீங்கதானே குடுத்தனுப்புனீங்க!"

"நானா?"

"டிராக்டர் ஓட்டுற சின்னையன் எடுத்தாந்து, எல்லாம் மாட்டிக் குடுத்துட்டுப் போனாரே. திட்டத்துல உனக்கும் வந்துகீதுன்னாரு. எங்க கெணத்துல இன்ஜினப் போட்டா, பாதி வாய்க்கா நனையறதுக்குள்ள தண்ணி தீந்துடும். அவரு படுத்துட்டாரு, பயிரும் காஞ்சிகினு கீது, நான் ஒண்டியா இன்னா பண்றதுன்னு அழுதுகினு இருந்தேன். இப்ப அந்தத் தண்ணியே போதுது மேடம்."

திவ்யா திரும்பிப் பார்த்தாள். மோசஸ் முதுகைக் காட்டிக்கொண்டு மடை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க அனுப்புனதுதானே மேடம்?" கன்னியம்மாவின் முகத்தில் லேசாகப் பயம். "வேற யாராச்சும் குடுத்ததுன்னா எங்க வூட்டுக்காரரு புடுங்கிப் போடச் சொல்லிடுவாரு."

"ஆமாம்மா," என்றாள் திவ்யா. "நாங்கதான் அனுப்பினோம்."

கன்னியம்மா நிம்மதியாகச் சிரித்தாள். பிறகு மோசஸின் வயலைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க பாருங்க, எப்டி தண்ணிய வீணாக்கினு கீறான்! அவனாட்டம் ஆளுக்குக் குடுக்காம எங்களுக்குக் குடுத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும் மேடம்!"