செண்பகவல்லியின் மூன்றாவது கேள்வி

வார்டு தேர்தலுக்கு முன், ஒவ்வொரு வாக்காளரின் கைப்பட்டையும் அவர் மனதிலுள்ள கவலைகளைப் படித்துக் கேள்விகளாக்கித் தந்துவிடும். வீடு வீடாகப் போய் அவற்றை வாசித்து, சம்மதத்துக்குப் பெருவிரல் ரேகை வாங்கி, வேட்பாளர்களுக்கு அனுப்புவது எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் வேலை. வாக்காளரைத் தனியாக வைத்துத்தான் வாசிக்க வேண்டும். அன்று பதினோரு வீடு பாக்கி இருந்தது. அவசரத்தில், செண்பகவல்லி அம்மாவின் கேள்விகளை அவர் கணவர் கோமதிநாயகத்தின் முன்னாலேயே வாசித்துவிட்டேன்.

முதல் இரண்டும் சாக்கடை, தெருநாய். மூன்றாவது: "மனைவி இறந்து தனியாகிவிடும், சமைக்கத் தெரியாத ஆண்களுக்கு நம் வார்டில் சாப்பாட்டுக்கூடம் வருமா? காரம் குறைவாக இருக்குமா?"

கோமதிநாயகம் சிரித்தார். "யாருக்குடி இந்தச் சிபாரிசு? எதிர்வீட்டு அண்ணாச்சிக்கா?"

"அவரு நல்லா சமைப்பாரு," என்றார் அம்மா, கணவரைப் பார்க்காமல் அவரைக்காய் நறுக்கியபடி.

கோமதிநாயகத்தின் சிரிப்பு நின்றது. "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"தை மாசமே சொல்லிட்டாரு."

"இத அனுப்பாத தாயி," என்று என்னிடம் கெஞ்சினார்.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினார்.

"அனுப்பிரும்மா. பதில் வரும்போது நான் இருக்கணும்லா."