லிங்கி வீட்டுச் சீர்

"கல்யாணத்துக்கா மண்டோரே?" என்று லிங்கி ரப்பர்த் தோட்டத்து பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள்.

"ஆமா, சிரம்பான்ல. சொந்தக்காரப் பொண்ணுக்கு" என்றார் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி, வாய் கூசாமல்.

செல்லம்மா மடியில் சீர்த் தட்டு இருந்தது. பட்டுச் சேலை, வளையல், பூ, பழம். மேலே பழைய பேப்பர் போட்டு மூடியிருந்தார் மனுஷன். பஸ் கிளம்பியதும் அவள் கேட்டாள்.

"ஏங்க பொய் சொன்னீங்க?"

"பின்னே? ரஹாங்ல பொண்டானுங்க பூசைக்குப் போறேன்னு தமுக்கு அடிக்கச் சொல்றியா?"

"நம்ம புள்ளையப் பாக்கப் போறோம்னு சொல்லலாம்ல?"

நல்லசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணேசமூர்த்தி என்று பெயர் வைத்து வளர்த்த பிள்ளை. "நான் பொண்ணுப்பா" என்று அழுதுகொண்டு நின்றபோது, மண்டோரின் கை பெல்ட்டைத்தான் தேடியது. அன்றைக்கே வீட்டை விட்டுத் துரத்தினார். அதற்கப்புறம் எட்டு வருடம், வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. போன மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் ஐயாவுக்கு ஞானம் பிறந்தது. கண்ணை மூடுவதற்குள் ஒரு தரம் பார்க்க வேண்டுமாம்.

"இப்ப மேகலான்னு பேராம்" என்றாள் செல்லம்மா. "போனதும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில், திருநங்கைகள் சேர்ந்து வாழும் வீட்டில் வருடத்துக்கு ஒரு பூசை. கோலாலம்பூர், மலாக்கா என்று நாலு பக்கமிருந்தும் வந்து கூடுவார்கள். பட்டு உடுத்தி, பூ வைத்து, பட்டப்பகலில் நடுத்தெருவில் கரகம் எடுத்து ஆடுவார்கள். அன்று ஒரு நாள் யாருக்கும் பயந்து ஒளிய வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியின் பிறந்த வீட்டையும் ஊர் சொல்லி அழைப்பார்கள். பிறந்த வீட்டார் வந்து சீர் வைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு யாரும் வருவதில்லை.

"இத்தனை வருசமா எம்புள்ளையும் நாதியத்து நின்னுருப்பா" என்று செல்லம்மா கண்ணைத் துடைத்தாள்.

"எல்லாம் அந்த மாயாண்டி செஞ்ச வேலை" என்று பல்லைக் கடித்தார் நல்லசாமி.

மாயாண்டி அதே லயத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன். துரத்தப்பட்ட பிள்ளையைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ரஹாங்கில் விட்டவன். வழி காட்டிக் கெடுத்தவன் என்பது நல்லசாமியின் தீர்ப்பு. அதோடு விட்டானா? வருடா வருடம் பூசைக்கும் போகிறான் என்று காதுக்கு வந்தது. நல்லசாமிதான் தோட்டத்துக் கோயில் தலைவர். கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டார்.

"அங்க ஒனக்கு என்னடா வேலை?"

மாயாண்டி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கண்ட எடத்துக்குப் போறவன் அம்மன் கரகத்தத் தொடக் கூடாது!"

அப்பன் காலத்திலிருந்து கரகம் தூக்கிய வீடு அது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மாயாண்டி வெளியேறியதைத் தோட்டமே பார்த்தது. அதற்குப் பிறகு நல்லசாமி அவனோடு பேசுவதில்லை.

ரஹாங்கில் பந்தல் நிறையக் கூட்டம். நல்லசாமிக்குக் கால் கூசியது. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார். பச்சைச் சேலையில், தலையில் கரகம் அசையாமல் ஆடி வந்தவளைச் செல்லம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அந்தா, நம்ம மேகலா!"

அச்சு அசல் இளவயசுச் செல்லம்மா. இவளையா பெல்ட்டால் அடித்தோம்? நல்லசாமிக்கு எட்டு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆட்டம் ஓய்ந்தது. அந்த வீட்டுக்குப் பெரியவள் குரல் கொடுத்தாள்.

"லிங்கி தோட்டத்து வீடு!"

நல்லசாமி தட்டோடு எழுந்தார். அதே நேரம் பந்தல் வாசலில் இன்னொருவனும் தட்டோடு எழுந்தான்.

மாயாண்டி!

இவன் யார் என் பிள்ளைக்குச் சீர் வைக்க? நல்லசாமிக்கு ரத்தம் கொதித்தது. மாயாண்டி அவரைப் பார்த்துத் திகைத்து நின்றான். பிறகு முகமெல்லாம் மலர, தன் தட்டைச் சத்தமில்லாமல் நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அதற்குள் மேகலா ஓடி வந்து காலில் விழுந்தாள்.

"மேகலா... அப்பாவ மன்னிச்சிரும்மா" என்றார் நல்லசாமி.

"எதுக்குப்பா மன்னிப்பு?" அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள். "வீட்ட விட்டு அனுப்புனாலும் ஒரு வருசமாச்சும் சீர் அனுப்பாம இருந்தீங்களா? 'ஒங்கப்பா குடுத்து விட்டாரு'ன்னு மாயாண்டி சித்தப்பா தட்டக் கொண்டாந்து வைப்பாரு. அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தாம்பா இத்தனை வருசம் ஓட்டுனேன். இங்க பாதிப் பேருக்கு அதுகூட இல்ல லா."

செல்லம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நல்லசாமிக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. வாசலைப் பார்த்தார். தெருவில் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"சித்தப்பா எங்கேப்பா, உங்களோட வரலயா?" என்றாள் மேகலா. "நம்ம கோயில் கரகம் இன்னும் அவருதான் தூக்குறாராமே! 'ஒங்கப்பா தலைவரா இருக்கிற வரைக்கும் என்னைத் தவிர வேற ஆளத் தொட விடமாட்டாரு'ன்னு வர்றப்பல்லாம் பெருமையாச் சொல்லுவாரு."