தேங்காய் பர்பியின் மறுபக்கம்

திண்டிவனத்து மாலை வெயில் சமையலறைத் தரையில் ஜன்னல் கம்பிகளை நீளமாக இழுத்துப் போட்டிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் சமணர் வீடு. ரத்னமாலா மோர்சாதத்தை நிதானமாகப் பிசைகிறாள். அலமாரியில் சாய்ந்து நிற்கிறாள் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி. இரவல் வாங்கிப்போன மாயராஜ்ஜியத் தொடர்கதை அவளது எட்டுமாத வயிற்றின் மேல் விரிந்திருக்கிறது. பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்து, ரத்னமாலாவே கோணி ஊசியால் தைத்த புத்தகம். ஏழு வீடு சுற்றி வந்ததில் ஓரமெல்லாம் மஞ்சள் கறை, பென்சில் எழுத்து: ‘ராஜகுமாரன் சுத்தக் கோழை.’ ‘யானை பறக்குதாம், நம்பணுமாம்.’ கடைசித் தாளில் மட்டும் கத்தரித்த சதுர ஓட்டை.

“எந்தப் பாவியோ முடிவ வெட்டிக்கினு பூட்டா. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்லக்கா. அந்த நெருப்புக் கோட்டையிலேர்ந்து ராணி கொழந்தையத் தூக்கிக்கினு வெளிய வந்துட்டாதானே? நீங்க வாரம் தவறாம படிச்சவங்க, சொல்லுங்க.”

கிருஷ்ணவேணியின் தோளுக்குப் பக்கத்தில், அலமாரிக் கதவில், ரத்னமாலா என்றோ கத்தரித்துக் கஞ்சிப் பசையால் ஒட்டிய தேங்காய் பர்பிக் குறிப்பு எண்ணெய் படிந்து மினுங்குகிறது. அதன் முதுகில் அச்சான கதைமுடிவில், கதவு மரத்தை முட்டிக்கொண்டு, ராணி குழந்தையோடு எரிந்துகொண்டிருக்கிறாள். ரத்னமாலா அந்தக் கதவைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கிறாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கடைசிக் கவளத்தை உருட்டி வாயில் போட்டு, மென்று, விழுங்குகிறாள்.

“வந்துட்டா. கொழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்ல.”