சந்தனப் பொட்டு

"சூடம் விக்கணும்னு என் வண்டிய மந்திரிச்சு நிறுத்துறியா நீ?"

இறால் வண்டி ஓட்டும் கொளஞ்சி போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

தில்லையம்மாள் கோயில் வாசலில் விரித்திருந்த தன் கடையிலிருந்து ஒரு சூட வில்லையை எடுத்து, காசு கேட்காமலே அவன் வண்டிக்கு முன்னால் கொளுத்தினாள்.

ஆயுதபூஜை முடிந்ததிலிருந்து இதே கூத்துதான். கிள்ளையில் இறால் ஏற்றினால் வண்டி சிதம்பரம் தாண்டி நன்றாகத்தான் வரும். ஆலப்பாக்கம் மாரியம்மன் கோயில் கிட்டே இருமி இருமி நின்றுவிடும். சூடம் எரிந்து அணைந்தால் கிளம்பிவிடும். அதனால்தான் அவனுக்கு அவள்மேல் சந்தேகம். இன்னொரு தடவை தாமதமானால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாகக் கடலூர் ஐஸ் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் கண்ணாயிரம் அவனுக்கு மச்சான் முறை. பில்டரை மாற்றினான், பம்ப்பைக் கழற்றிப் பார்த்தான், டீசல் லைனில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டான். ஒன்றும் பலிக்காமல், மறுநாள் தானே கூட ஏறிக்கொண்டான்.

கோயில் வந்தது. வண்டி நின்றது. தில்லையம்மாள் சூடத்தோடு எழுந்து வந்தாள்.

கண்ணாயிரம் பக்கவாட்டில் போய் டீசல் மூடியைத் திருகினான். முங்கி எழுந்த ஆள் மாதிரி, ஸ்ஸ்ஸென்று டேங்க் காற்றை இழுத்தது. கொளஞ்சிக்குப் புல்லரித்துவிட்டது.

"டீசல் போகப் போக உள்ள காத்து வரணும் மச்சான். மூடியில இருக்கிற ஊசி ஓட்டைதான் அதுக்கு வழி. அது அடைச்சுக்கிச்சு. இவ்ளோ தூரம் வர்றதுக்குள்ள தம் கட்டிப்போவுது. செத்த நின்னா காத்து கசிஞ்சு ஏறிடுது."

"எவன்டா அடைச்சான்?"

கண்ணாயிரம் மூடியை நீட்டினான். காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையன்று வண்டி முழுக்கப் பொட்டு வைத்தது கொளஞ்சியேதான்.

கண்ணாயிரம் குண்டூசியால் குத்திவிட்டு மூடியை வெயிலில் தூக்கிப் பிடித்தான். ஒரு துளி வெளிச்சம். இத்துனூண்டு ஓட்டையா இத்தனை பெரிய வண்டியைப் பிடித்து நிறுத்தியது! கொளஞ்சி மூடியை வாங்கித் தானே திருகி மூடினான்.

வண்டிக்கு முன்னால் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்த தில்லையம்மாளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் வண்டி இருமவே இல்லை. கோயில் நெருங்கியது. தில்லையம்மாள் ரோட்டோரம் தட்டோடு காத்து நின்றாள்.

வண்டி நின்றது.

"இன்னிக்கும் மக்கர் பண்ணுதா தம்பி? பயப்படாத, ஆத்தா வுட்டுட மாட்டா" என்றபடி பற்றவைத்தாள்.

"நீங்க கொளுத்துனாத்தாம்மா இது கெளம்புது" என்றான் கொளஞ்சி, டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி. இரண்டு கையாலும் சூடச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வண்டிச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.