நம்பி ஒப்படைக்கிறேன்

"‘நம்பி’ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்களே சார், அதை அடிச்சிடுங்க."

மருமகள் இப்படிச் சொன்னதும் மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வக்கீல் அப்போதுதான் உயிலை வாசித்து முடித்திருந்தார். ‘எனக்குப் பிறகு என் மகளையும், குடியிருக்கும் வீட்டையும் என் மருமகளை நம்பி ஒப்படைக்கிறேன்.’ மாமியார் ஒரு வாரமாக மனசுக்குள் உருட்டி உருட்டிச் சேர்த்த வாக்கியம் அது.

"ஏண்டி, உன்னை நம்பக் கூடாதா?"

"கூடாது அத்தை."

பக்கத்து நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். தானாகச் சாப்பிட வராது. பேச்சும் நாலு வார்த்தைக்கு மேல் கிடையாது. அந்த நாலில் ஒன்று ‘அண்ணி’. இப்போதுகூட அண்ணியின் கைப்பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரே குஷி.

‘எனக்கு முன்னாடி இவ போயிடணும்’ என்று ஒரு காலத்தில் வேண்டிக்கொண்டவள்தான் மாமியார். இந்த மருமகள் வந்த பிறகுதான் அந்த வேண்டுதலை விட்டாள்.

பெற்ற மகன் இருக்க, மருமகள் பேரிலா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். "அவனுக்கு அவன் சாக்ஸையே தேடத் தெரியாது, பாப்பாவை எங்கே பார்க்கப் போறான்?" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்த மகன் இதோ, ஓரமாக உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவளோ நடு ஆபீசில் காலை வாருகிறாள்!

"வீடும் என் பேர்ல வேணாம் சார்."

"அதானே பார்த்தேன்! வீடு வேணாம்னா பாப்பாவும் வேணாம்னு அர்த்தம். மெல்லக் கழட்டி விடப் பார்க்கிறே." மாமியார் குரலை உயர்த்தினாள். "தலை வாரி, ஊட்டி விட்டு, வாய் துடைச்சு விட்டதெல்லாம் வேஷமா? நான் கண்ணை மூடினா இது எங்கே போய் நிக்கும்டி?"

அம்மாவின் சத்தத்தில் மிரண்டுபோன பாப்பா, அண்ணியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் செருமினார். "அப்போ எப்படித்தாம்மா எழுதணும்?"

"வீடு பாப்பாவுக்காக ஒரு டிரஸ்ட்ல இருக்கட்டும் சார். நான் கூடவே இருந்து பார்த்துக்கறேன். ஆனா விக்கவோ அடமானம் வைக்கவோ எனக்கு உரிமை வேணாம். வெளியாள் ரெண்டு பேரைப் போடுங்க. அவங்க சொல்லாம கொள்ளாம வந்து, பாப்பா இளைச்சிருக்காளா, நகம் வெட்டியிருக்கா, உடம்புல காயம் இருக்கான்னு பார்க்கட்டும். சரியில்லேன்னா என்னை வெளியே அனுப்புற அதிகாரமும் அவங்களுக்கு இருக்கட்டும்."

"உங்க கைக்கு நீங்களே விலங்கு மாட்டிக்கிறீங்கம்மா."

"மாட்டுங்க சார்."

"உன்னை நீயே ஏன் திருடி மாதிரி..." மகன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

மருமகள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, இன்னிக்கு இருக்கிற நான் பாப்பாவை உசுரா பார்த்துப்பேன். அதுல உங்களுக்குச் சந்தேகமே வேணாம். ஆனா இன்னும் இருபது வருஷத்துல, முட்டிவலியும் சலிப்புமா ஒருத்தி இதே மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவா. அவளை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க இல்லாதப்போ, அவகிட்டேருந்து பாப்பாவை யாரு காப்பாத்துறது?"