ஒரே ஒரு பச்சை வீடு

மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் ரேடான் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுவிடும். அதை வீடு வீடாக அளந்து, எல்லோரும் பார்க்கும்படி நகராட்சி இணையதளத்தில் வரைபடமாகப் போடுவது என் வேலை. அந்தத் தெரு முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு வீடு பச்சை.

"அவங்களுக்கு மட்டும் என்ன தனி மண்ணா?" என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். மறுபடி அளக்கப் போனேன்.

கீழறையில் தொட்டிலில் குழந்தை தூங்கியது. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. விதிப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு, கருவியைக் கதவோரம் வைத்துக் காத்திருந்தேன். மற்ற வீடுகளைப் போலவே எண் ஏறியது. தொட்டிலருகே நகர்த்தி வைத்தேன். மெல்ல இறங்கிப் பூஜ்ஜியத்தில் நின்றது. வெட்டவெளியில்கூடப் பூஜ்ஜியம் வராது.

"மெஷின் மக்கர் பண்ணுதும்மா," என்றேன்.

"இல்லீங்க, சரியாத்தான் காட்டுது," என்றாள் குழந்தையின் தாய். "இது எங்கப்பா ரூம். நுரையீரல் கெட்டுத்தான் போனாரு. பேத்தி முகத்தைக்கூடப் பாக்கல."

நாற்காலிப் பக்கம் யாரோ நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு ஓர் இருமல். தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமும் இருமல்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"போதும்ப்பா. இவளை மாடிக்குக் கொண்டுபோயிடறேன். நீங்க மூச்சை விடுங்க."

மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் ஓய்ந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. என் கருவியில் எண் ஏறத் தொடங்கியது.